பெயர்த் தகட்டுக்குக் கீழே

மேற்கு யூட்லாந்தில் உழவு இயந்திரத்தைத் தின்பது மணல். ஹேர்னிங்கைச் சுற்றியுள்ள நிலமெல்லாம் ஒரு காலத்தில் புதர் மண்டிய வெறுந்தரவை. 1864 போரில் தோற்று ஷ்லெஸ்விக்கையும் ஹோல்ஸ்டைனையும் பறிகொடுத்த டென்மார்க், மிஞ்சிய மண்ணையாவது பயிருக்கு ஆக்குவோம் என்று கிளம்பியது. 1866 இல் தரவை திருத்தும் சங்கம் தோன்றியது. இராணுவப் பொறியியலாளராக இருந்த என்ரிக்கோ டல்காஸ் அதை முன்னின்று நடத்தினார். காற்றை மறிக்க மரவேலி நட்டார்கள், சுண்ணாம்புக் களி வெட்டிப் பரப்பினார்கள், தரவை வயலாயிற்று. மணல் மட்டும் மணலாகவே இருந்தது. ஈரத்தில் சில்லோடு அப்பிக்கொண்டு வரும். காய்ந்ததும் பொடியாகி முன் அச்சு ஒயில் சீலின் உதட்டுக்குள் நுழைந்துவிடும்.

என்னுடைய வண்டி சின்னது. மூன்று சிலிண்டர் டீசல், நான்கு சில்லும் இழுக்கும், யப்பானில் 1980களில் செய்தது. பானெட்டில் ஒரு கம்பனியின் பெயர். என்ஜின் பக்கவாட்டு வார்ப்பில் வேறொரு பெயர். பிரான்டே போகிற வழியில் பழைய பண்ணை வீடொன்றில் இருக்கிறோம். கொஞ்ச நிலம், ஒரு கண்ணாடிக் கூடாரம், அதற்குள் கத்தரியும் மிளகாயும். பனிக்காலத்தில் ஊருக்குள் இருக்கும் மகள் வீட்டு நடைபாதைக்கும் இதே வண்டிதான் போகும். இங்கே காலை 7 மணியிலிருந்து இரவு 10 மணிவரை வீட்டுக்கு முன்னால் விழும் பனியை ஒதுக்குவது வீட்டுக்காரரின் கடமை. ஞாயிறென்றால் ஒரு மணிநேரம் கூடத் தூங்கலாம்.

இடது முன் சில்லடியில் ஒயில் கசியத் தொடங்கியது. நாற்பது வயது வண்டிக்கு அது பெரிய குற்றமில்லை. சில்லைக் கழற்றி, ஹப்பை இழுத்து, உள்ளே இருந்த கறுப்புச் சேற்றை வழித்து எடுத்தால் சீல் தெரிந்தது. மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்தேன். விளிம்பில் மூன்று எண்கள்: 40, 62, 10. உள்விட்டம், வெளிவிட்டம், தடிப்பு, எல்லாம் மில்லிமீற்றரில். அதற்குப் பின்னால் பெயாரிங். அதன் வளையத்தில் 6206. எந்த நாட்டில் எந்தக் கம்பனி செய்திருந்தாலும் 6206 என்றால் உள்ளே 30, வெளியே 62, அகலம் 16. சுவீடனில் கொதன்பேர்க்கில் 1907 இல் எஸ்.கே.எஃப். தொடங்கிய காலத்திலிருந்து பெயாரிங் செய்கிறவர்கள் மெல்ல மெல்ல ஒரே அளவுக்கு வந்து சேர்ந்தார்கள். பழைய வண்டிக்காரர்களுக்கு அந்த உடன்படிக்கை செய்த உபகாரம் கொஞ்சநஞ்சமல்ல.

கடையில் பானெட்டில் உள்ள பெயரையும் மொடலையும் சொன்னேன். பையன் கணினியில் தட்டிப் பார்த்துவிட்டு, அந்த வண்டிக்குச் சாமான் நின்றுபோய்விட்டது என்றான். மூன்று எண்களையும் சொன்னேன். பின்னால் போய் இரண்டு நிமிடத்தில் சீலோடு வந்தான். தட்டில் பத்துப் பன்னிரண்டு கிடந்ததாம்.

இது எனக்குப் புதுப் பாடமில்லை. கிளிநொச்சியில் அப்பாவுக்குக் கராஜ் இருந்தது. இரணைமடுத் தண்ணீரில் நெல் விளைந்த காலம். மாசி பெர்குசன் 35, 135 என்று சிவப்பு வண்டிகளும், கையால் பிடித்து நடத்தும் லான்ட்மாஸ்ரர்களும் வாசலில் வரிசையாக நிற்கும். கொழும்பிலிருந்து சாமான் வரக் காத்திருந்தால் விதைப்பு போய்விடும். "தம்பி, பேரைப் பாக்காதை, அளவைப் பார்" என்பார். லொறியின் சீல் உழவு இயந்திரத்துக்குள் போகும். தண்ணீர்ப் பம்பின் பெயாரிங் டைனமோவுக்குள் போகும்.

லான்ட்மாஸ்ரரைப் பற்றி ஒரு சொல். இலங்கைப் பொறியியலாளர் ரே விஜேவர்தன வடிவமைத்து, 1950களில் இங்கிலாந்தில் செய்து விற்ற இரண்டு சில்லு வண்டி அது. சின்னக் கமக்காரனுக்கென்றே யோசித்த யந்திரம். செய்த மனிதரே பின்னாளில், எருமைக்குப் பதில் யந்திரம் என்ற கணக்கு வெப்பமண்டலத்துக்குப் பொருந்துமா என்று கேள்வி கேட்கத் தொடங்கினார். உழாமல் பயிர் செய்யும் முறைகளின் பக்கம் திரும்பினார். தான் பெற்ற பிள்ளையையே விசாரணைக் கூண்டில் ஏற்றும் பொறியியலாளர்கள் அபூர்வம்.

சின்ன உழவு இயந்திரங்களின் சரித்திரத்தைப் பார்த்தால் அது பெரும்பாலும் இரவல் பெயர்களின் சரித்திரம். போருக்குப் பின் யப்பானில் நடந்த காணிச் சீர்திருத்தம் நிலத்தை உழுதவனிடமே கொடுத்தது. ஒரு குடும்பத்துக்கு ஏறத்தாழ ஒரு ஹெக்டயர் சேற்று வயல். அந்தச் சேற்றில் அமெரிக்கன் வண்டியை இறக்கினால் அச்சுவரை புதைந்துவிடும். இலேசான, ஒடுங்கிய, பின்னால் சுழல் கலப்பை பூட்டிய வண்டிகளைக் குபோட்டா, யான்மார், இசேக்கி, ஷிபாவுரா, மிற்சுபிஷி என்று பலரும் செய்யத் தொடங்கினார்கள். குபோட்டாவின் முதல் வயல் வண்டி 1960 இல் வந்தது. 1970களில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பெரிய வளவும் சின்னத் தோட்டமும் வைத்திருந்தவர்கள் இந்த அளவு வண்டி கேட்டார்கள். பெரிய கம்பனிகளுக்கு அதைப் புதிதாக வரைந்து செய்ய நேரமுமில்லை, ஆதாயமுமில்லை. யப்பானிடம் வாங்கித் தங்கள் நிறத்தைப் பூசினார்கள். ஜான் டியரின் சின்னப் பச்சை வண்டிக்குள் யான்மார். ஃபோர்டின் நீலத்துக்குள் ஷிபாவுரா. போலென்சுக்குள் இசேக்கி. மாசி பெர்குசனின் சின்னச் சிவப்பில் முதலில் ஹினோமோட்டோ வண்டிகளைச் செய்த தொயோஷா, பிறகு இசேக்கி.

ஆகவே ஒரே பம்பு மூன்று நிறத்தில், மூன்று எண்ணில், மூன்று விலையில் விற்கும். பச்சைப் பெட்டியில் வருகிற வடிகட்டியின் விலையில் பாதிக்கு அதே வடிகட்டி வெறும் பெட்டியில் கிடைக்கும். பாகம் தேடுகிறவனின் முதல் வேலை தன் வண்டியைப் பெற்றவர் யார் என்று கண்டுபிடிப்பதுதான். பெயர்த் தகட்டை நம்பக் கூடாது. என்ஜின் வார்ப்பில் புடைத்து நிற்கும் எழுத்தை, பம்பின் அடியில் இருக்கும் சின்னத் தகட்டை, டைனமோவின் முதுகை வாசிக்க வேண்டும். அங்கேதான் உண்மை எழுதியிருக்கும்.

யப்பான் வண்டியில் இன்னொரு பொறி உண்டு, அது போல்ற். டென்மார்க்கில் எந்தக் கடைக்குப் போனாலும் 10 மில்லிமீற்றர் போல்ற் கிடைக்கும். அதன் புரி இடைவெளி 1.5. யப்பான்காரன் அதே 10 மில்லிமீற்றருக்குப் பெரும்பாலும் 1.25 வைத்திருப்பான். பார்வைக்கு இரண்டும் ஒன்று. கையால் இரண்டு சுற்றுப் போகும், மூன்றாவதில் இறுகும். அங்கே ஸ்பானரைப் போட்டு முறுக்கினால் அலுமினிய வார்ப்பின் புரி போயே போயிற்று. தலையின் அளவும் வேறு: இங்கே 17 அல்லது 16 கேட்கும் இடத்தில் யப்பான் 14 கேட்கும். அதனால் கழற்றிய போல்றை எந்தக் காலத்திலும் எறிவதில்லை. பழைய தயிர் வாளிகள் நிறைய இருக்கின்றன. மனைவிக்கு அந்த வாளிகளோடு தீராத வழக்கு.

டென்மார்க்காரர்களுக்கும் சாமான் தட்டுப்பாடு தெரியாததல்ல. இன்றைய செழிப்பைப் பார்த்துவிட்டு இவர்கள் எப்போதும் இப்படியே இருந்தார்கள் என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். 1940 ஏப்ரல் 9 முதல் 1945 மே 5 வரை நாடு யேர்மனியரின் பிடியில் இருந்தது. பெற்றோல் கிடையாது. கார்களுக்கும் லொறிகளுக்கும் பின்னால் அடுப்புப் போல ஒரு தொட்டியைப் பூட்டி, பீச் மரத்துண்டுகளை எரித்து, அதில் எழுந்த வாயுவில் ஓட்டினார்கள். போர் முடிந்தபோது வயலை உழுதது குதிரைதான். நாட்டில் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட குதிரைகள் இருந்தன. வெளிநாட்டு நாணயம் இல்லாததால் நினைத்த சாமானை இறக்குமதி செய்ய முடியாது, உத்தரவு வேண்டும். 1948 இல் தொடங்கிய மார்ஷல் திட்டத்தில் டென்மார்க்குக்கு 27 கோடி டாலருக்கு மேல் கிடைத்தது. தீவனமும் எரிபொருளும் வந்தன. உழவு இயந்திரங்களும் வந்தன.

அந்த அலையில் வந்து மனதில் நின்றுவிட்டது பெர்குசன் டி.ஈ. 20. இங்கிலாந்தில் கொவென்ட்ரியில் 1946 முதல் 1956 வரை ஐந்து லட்சத்துக்கு மேல் செய்தார்கள். சாம்பல் நிறம், ஒரு தொன்னுக்குச் சற்று மேல் எடை. இங்கே அதைச் சின்னச் சாம்பல் என்றே செல்லமாகச் சொல்வார்கள். 1899 இலும் 1919 இலும் வந்த சட்டங்களால் சில ஹெக்டயர் நிலம் பெற்ற சிறு கமக்காரர்கள் ஆயிரக்கணக்கில் இருந்த நாடு இது; அவர்கள் வளவுக்குள் நுழையக்கூடிய முதல் நல்ல யந்திரம் அதுதான். பக்கத்துப் பண்ணைக் கிழவர் அப்படியொரு குடும்பத்தில் பிறந்தவர். தகப்பன் வாங்கிய சாம்பல் வண்டி இன்னும் அவருடைய கொட்டிலில் நிற்கிறது. முதல்முறை என்னை ஏற்றி உட்கார வைத்தபோது ஸ்ராட்டர் பொத்தானைத் தேடினேன். கியர்த் தடியைக் காட்டிச் சிரித்தார். தடியை எஸ் என்ற இடத்துக்குத் தள்ளினால்தான் என்ஜின் சுற்றும். கியரில் நிற்கும்போது தவறியும் கிளம்பாது. வண்டியோடு ஒரு ஸ்பானர் கொடுத்தார்கள். அதன் முதுகில் அங்குலக் கோடுகள். அதே ஸ்பானரால் கலப்பையைக் கழற்றலாம், உழவின் ஆழத்தையும் அளக்கலாம்.

கிழவரின் வண்டி மண்ணெண்ணெய் வகை. அதன் தாங்கியைத் திறந்து பார்த்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை. பெரிய தாங்கிக்குள் ஒரு சின்ன அறை, பெற்றோலுக்கு. அடியில் திருப்பும் குழாய். பெற்றோலில் கிளப்பி, என்ஜின் நன்றாகச் சூடானதும் குழாயைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். புகைபோக்கியின் சூட்டில் அது ஆவியாகி எரியும். நிறுத்துவதற்கு முன் மறுபடி பெற்றோலுக்கு மாற்றாவிட்டால் மறுநாள் கிளம்பாது. 1949 முதல் கொவென்ட்ரியில் தொழிற்சாலையிலேயே இப்படிச் செய்து விற்றிருக்கிறார்கள்.

1990 இல் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை வந்தபோது ஊர் கண்டுபிடித்தது இதையேதான். எரிபொருள், பற்றரி, உதிரிப்பாகம் எல்லாம் தடைப்பட்டியலில். சின்னப் போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலில் சில சொட்டைக் காபரேற்றருக்குள் ஊதிக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள்; மொறிஸ் மைனர் கார்கள், மோட்டார் சைக்கிள்கள், தண்ணீர்ப் பம்புகள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். நான் 1986 இல் வெளியேறிவிட்டேன். இதெல்லாம் அப்பாவின் கடிதங்களில் வந்தவை. ஒரு கடிதத்தில், ஒயிலை அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கிறது, எரியாத மண்ணெண்ணெய் வழிந்து கீழே ஒயிலோடு கலக்கிறது என்று எழுதியிருந்தார். பெர்குசனின் கைநூலும் அதே எச்சரிக்கையைச் சொல்கிறது என்று கிழவர் பக்கத்தைப் புரட்டிக் காட்டினார். அப்பாவிடம் அதைச் சொல்ல முடியாமல் போயிற்று.

மனைவி வந்து சேர்ந்த கதையும் அந்தக் காலத்ததுதான். நீதி அமைச்சர் எரிக் நின்-ஹான்சன் 1987 இல் தமிழ் அகதிகளின் குடும்ப இணைப்பு விண்ணப்பங்களைக் கிடப்பில் போட வைத்தார்; அது சட்டவிரோதம் என்று வெளிவந்து 1993 இல் பிரதமர் பௌல் ஷ்லூட்டரின் அரசாங்கமே பதவி விலகியது; 1995 இல் உயர் விசாரணை மன்றம் நின்-ஹான்சனைக் குற்றவாளி என்றது. தாமதமான விண்ணப்பங்களில் எங்களுடையதும் ஒன்று. தனியாக இருந்த அந்த மாலைகளில்தான் அயலில் இருந்த ஒரு பட்டறைக்குப் போகப் பழகினேன்.

அந்தப் பட்டறை பழைய ஊர்க்கொல்லரின் பட்டறை. வண்டி திருத்தும் தொழிலின் சரித்திரத்தை யாராவது எழுதினால் கதாநாயகன் கொல்லராகத்தான் இருப்பார். 1950களில் குதிரை போயிற்று, லாடம் போயிற்று. 1960களின் தொடக்கத்தில் டென்மார்க்கில் உழவு இயந்திரங்கள் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டன. கெட்டிக்காரக் கொல்லர்கள் உலையை அணைக்காமலே பக்கத்தில் வெல்டிங் பெட்டியை வைத்தார்கள். பலர் ஒரு கம்பனியின் முகவராகி வாசலில் பெயர்ப்பலகை மாட்டினார்கள். அங்குல அளவு போல்றுக்கு ஒரு அலுமாரி, மில்லிமீற்றருக்கு ஒரு அலுமாரி. இல்லாத பாகத்தைக் கடைந்து கொடுத்தார்கள். எனக்கு டேனிஷ் சரியாக வராத நாட்களில் அந்த வாங்கில் உடைந்த சாமானை வைத்தால் போதும். கொல்லர் வேர்னியரை எடுப்பார், அளப்பார், "ம்" என்பார். யூட்லாந்துக்காரரின் "ம்" ஒரு முழு உரையாடல்.

அவரிடம் பார்த்த வேலைதான் என் முன் சில்லுக்கும் உதவியது. பழைய சீலின் உதடு பல ஆண்டுகள் உரசி அச்சில் நகத்துக்குத் தட்டுப்படும் பள்ளம் ஒன்றை வெட்டியிருந்தது. புதுச் சீலை அதே இடத்தில் வைத்தால் அதே பள்ளத்தில் உதடு விழும், மறுபடி கசியும். சீலை முழு ஆழத்துக்கு அடிக்காமல் இரண்டு மில்லிமீற்றர் முன்னுக்கு நிறுத்தினால் உதடு புது உருக்கில் உட்காரும். சரியான அளவுக் குழாய்த் துண்டை மேலே வைத்து, நான்கு பக்கமும் சமமாகத் தட்டி இறக்க வேண்டும். அப்பாவும் அப்படித்தான் செய்வார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் அறியாதவர்கள்.

சின்னச் சாம்பலுக்கு இன்றும் தலையிலிருந்து கால்வரை பாகம் கிடைக்கிறது. ஐந்து லட்சம் செய்தது ஒரு காரணம். அதன் வம்சம் அறுபடாதது மற்றக் காரணம். 1953 இல் பெர்குசன் கனடாவின் மாசி ஹாரிசோடு சேர்ந்தது. அடுத்து 35, பிறகு 135. 1960 இல் சென்னையில் தொடங்கிய டாஃபே, செம்பியத்தில் மாசி பெர்குசன் வண்டிகளைச் செய்தது. ஐரோப்பா கைவிட்ட வடிவங்கள் இந்தியாவில் பல பத்தாண்டுகள் புதிதாக ஓடிக்கொண்டிருந்தன. இந்தியப் பட்டறைகள் வார்த்த பாகங்கள் உலகமெங்கும் போகின்றன. கிழவர் தன் வண்டியின் ஹைட்ரோலிக் பம்புக்கு வாங்கிய பெட்டியைக் காட்டி, இது உங்கள் ஊரா என்றார். பக்கத்து ஊர் என்றேன். பாக்குநீரிணையை விளக்க நேரமில்லை.

கலப்பை பூட்டும் கதையும் அப்படியே. பின்னால் மூன்று புள்ளியில் பிடித்து ஹைட்ரோலிக்கால் தூக்கும் முறை ஹாரி பெர்குசனுடையது. ஃபோர்டு அதைத் தன் வண்டியில் வைத்தது என்று 1948 இல் வழக்குப் போட்டு, 1952 இல் 92.5 லட்சம் டாலர் வாங்கினார். பிறகு அந்த முறை உலகத்தின் பொதுச்சொத்தாகிவிட்டது. கீழ்ப் பூட்டு ஊசி 22 மில்லிமீற்றர். அதனால் கிழவரின் தகப்பன் வாங்கிய கலப்பை என் யப்பான் வண்டியில் ஒரு மாற்றமுமில்லாமல் பூட்டிக்கொள்கிறது. சக்தி எடுக்கும் தண்டு மட்டும் பழைய சாம்பலில் ஒன்றேகால் அங்குலத்துக்கும் குறைந்த மெல்லிசு. அதற்கு ஒரு இடைக்குழாய் போட வேண்டும்.

சொந்த நாட்டு வண்டிக்குத்தான் பாடு. கலுண்ட்போர்க் நகரத்தில் 1904 இல் தொடங்கிய புக் மோட்டார்த் தொழிற்சாலை 1950களிலிருந்து 1960களின் இறுதிவரை உழவு இயந்திரம் செய்தது. நல்ல டீசல், கனத்த வார்ப்பு. புக் என்ஜின்கள் பிற்பாடு கப்பல்களின் உயிர்காப்புப் படகுகளில் பெயர் எடுத்தன. ஆனால் வண்டியாகச் செய்தது கொஞ்சம். பிரதி செய்து விற்க எந்த நாட்டுப் பட்டறைக்கும் அது கட்டுபடியாகாது. கிழவரின் இரண்டாவது காதல் ஒரு புக். ஸ்ரியரிங் கை முறிந்து கிடக்கிறது. 1981 இல் கொப்பன்ஹேகனில் தொடங்கிய நீலப் பத்திரிகையின் சிறு விளம்பரங்களை ஒரு காலத்தில் வரி வரியாக வாசித்தவர். வண்டி உடைக்கும் வளவுகளையும் சுற்றியாயிற்று. அந்த வளவுகளும் குறைகின்றன. 1950 இல் இரண்டு லட்சம் பண்ணை இருந்த நாட்டில் இன்று நாற்பதாயிரத்துக்கும் குறைவு. பெரிய பண்ணைக்குப் பெரிய வண்டி, அதைத் திறக்கக் கணினி வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2024 இல் திருத்தும் உரிமைக்கு ஒரு சட்டம் கொண்டுவந்தது. சலவை யந்திரம், குளிர்சாதனப் பெட்டி, கைபேசி, வெல்டிங் பெட்டி என்று அதற்கொரு பட்டியல். கிழவருக்கு வாசித்துக் காட்டினேன். உழவு இயந்திரம் அதில் இல்லை. வெல்டிங் பெட்டி இருக்கிறது அல்லவா, அப்போ சரி என்று சொல்லிவிட்டு, முறிந்த ஸ்ரியரிங் கையின் இரண்டு துண்டையும் வாங்கில் பொருத்தி வைத்து, எந்தப் பக்கம் முதலில் ஒட்டுவது என்று கேட்டார்.